கார்ட் மாறும்போது பாட்டு நிற்காமல் இருக்க: கிட்டார் கற்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் அறையின் சன்னலுக்குக் கீழே ஒரு சிறிய தேயிலைத் தோட்டம் சரிந்து இறங்குகிறது. கற்றுக்கொள்ள வந்து ஒரு மாதம் ஆகியிருந்த பள்ளி மாணவி ஒருத்தி, ஒருநாள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். “எல்லா கார்டும் தனித்தனியாக நன்றாக வருகிறது, அண்ணா. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பாட்டு நின்றுவிடுகிறது. என் விரலுக்கு வேகம் போதவில்லை” என்றாள். தந்திகளை விரல்களால் அழுத்தி, பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யும் பிடிப்புத்தான் கார்ட்.

சன்னல் வழியாகக் கீழே கொழுந்து பறிப்பவர்களைக் காட்டினேன். அவளுடைய அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான்; அதனால் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அந்தக் கை, தூரத்திலிருந்து பார்த்தால் பறக்கிறது. அருகே போய்ப் பார்த்தால் அதில் அவசரமே இல்லை. செடியின் தலைக்கு மேல் இரண்டு விரற்கடைக்கு அதிகமாக அது எழுவதில்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளும்போதே கண் அடுத்த கொழுந்தில் இருக்கிறது.

கார்ட் மாற்றும் வேகமும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. விரல் கடக்கும் தூரம் குறைய வேண்டும். கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேருமிடம் தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் பயிற்சிகள் எல்லாம் இவற்றுக்காகவே.

தந்திகளின் எண்ணை முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிக மெல்லிய தந்தி முதல் தந்தி. மிகத் தடித்தது ஆறாவது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் விரல் அழுத்தும் கட்டத்தையும் அதே எண்ணால் சொல்கிறோம். எண்ணிக்கை கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. வலக்கையால் மீட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

விரலைக் குறைசொல்லும் முன் கிட்டாரைப் பாருங்கள்

என்னிடம் வரும் புதியவர்களில் பலருக்கு உண்மையான தடை அவர்களுடைய கையில் இல்லை. வாங்கிய கிட்டாரில் இருக்கிறது. தந்தி ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை 12-வது ஃப்ரெட்டில் அளந்து பாருங்கள். ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து ஆறாவது தந்தியின் அடிப்பக்கம் வரை ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இருந்தால் கைக்கு இதம். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு கார்டிலும் தேவையில்லாமல் பலத்தைச் செலவழிக்கிறீர்கள். அப்படி அழுத்திய விரல் சுலபமாக மேலே எழாது.

இன்னொரு சோதனை: முதல் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) பொருத்திவிட்டு அதே கார்டைப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று எளிதாகிவிட்டால், தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் ‘நட்’ என்ற துண்டின் பள்ளங்கள் உயரமாக இருக்கின்றன என்று பொருள். பழுதுபார்ப்பவர் அவற்றைச் சிறிது அராவிக் கொடுத்தால் போதும். கிட்டாரின் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தெரியாமல் நீங்களே திருக வேண்டாம்.

கடையிலிருந்து வரும் கிட்டார்களில் பெரும்பாலும் 12 என்ற பருமனுள்ள தந்திகள் இருக்கும். 10 என்ற மெல்லிய தொகுப்பை மாட்டுங்கள். ஒலி சற்று மெலியும். தொடங்குபவருக்கு அது பெரிய இழப்பு இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். உதகை, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. கிட்டாரின் மேற்பலகை எழும்ப, அதோடு தந்திகளும் உயர்கின்றன. போன மாதம் எளிதாக வந்த கார்ட் இந்த மாதம் வரவில்லை என்றால், நீங்கள் பின்தங்கிவிட்டதாக நினைக்காதீர்கள். முதலில் தந்தியின் உயரத்தை அளந்து பாருங்கள். கிட்டாரை ஈரம் கசியும் வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பெட்டிக்குள் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். ஈரத்துக்குப் பயந்து கணப்புக்குப் பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம். வேகமாக உலரும் பலகை வெடித்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே கொண்டுவரும் கிட்டாரை, வந்து சேர்ந்ததும் மீண்டும் சுருதி கூட்டாமல் வாசிக்க வேண்டாம். சூட்டில் நீண்டு தளர்ந்த எஃகுத் தந்தி குளிரில் சுருங்கி இறுகும்.

குளிர்ந்த கையோடு தொடங்காதீர்கள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில் எழுந்து, எழுந்த கையோடு கிட்டாரை எடுத்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. குளிரில் விரல் மெதுவாகத்தான் மடங்கும். தந்தியின் மேல் இருக்கிறோமா, அதன் ஓரத்தில் இருக்கிறோமா என்பதைச் சொல்லும் உணர்வும் மங்கும். சூடான தேநீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சில நிமிடம் உட்காருங்கள். வெந்நீரில் கை நனைத்தால் நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். ஊறிய விரல்நுனியைத் தந்தி சுலபமாகக் கிழிக்கும். இடக்கை நகங்கள் விரல்நுனிக்கு வெளியே தெரியாத அளவுக்கு வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

விரல்நுனி வலிப்பது இயல்பு. தினமும் வாசித்தால் சில வாரங்களில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் தவறான பிடிப்பிலிருந்தோ அளவுக்கு மீறிய அழுத்தத்திலிருந்தோ வருகிறது.

முதல் படி: எவ்வளவு அழுத்தம் போதும் என்று கண்டுபிடியுங்கள்

ஏ மைனரைப் பிடியுங்கள்: ஆள்காட்டி விரல் இரண்டாவது தந்தி முதல் ஃப்ரெட்டில், நடுவிரல் நான்காவது தந்தி இரண்டாவது ஃப்ரெட்டில், மோதிர விரல் மூன்றாவது தந்தி இரண்டாவது ஃப்ரெட்டில். இப்போது விரல்களைத் தந்திமேல் சும்மா வைத்து, அழுத்தாமல் மீட்டுங்கள். ‘டொக்’ என்று மட்டும்தான் கேட்கும். மீட்டிக்கொண்டே மிக மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கரகரப்பு வரும்; பிறகு ஒரு கணத்தில் ஒலி தெளியும். அங்கே நில்லுங்கள். தேவை அவ்வளவுதான். ஏறக்குறைய எல்லாரும் இதைப்போல் இரண்டு மடங்கு அழுத்துகிறார்கள்.

விரல் ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகே, அதன் பின்னால் (தலைப்பக்கமாக) விழ வேண்டும். நடுவில் விழுந்தால் கூடுதல் பலம் தேவைப்படும். இந்தச் சோதனையை நீங்கள் அறிந்த ஒவ்வொரு கார்டிலும் செய்துபாருங்கள். ஒரு முழு நாளை இதற்கு மட்டும் கொடுத்தாலும் தகும். இறுகப் பிடித்த கையால் விரைவாக விடுபட முடியாது.

இரண்டாம் படி: அதே கார்டை விட்டுப் பிடியுங்கள்

வேறு கார்டுக்குப் போகும் முன் ஒரே கார்டில் இதைப் பழகுங்கள். பிடித்து மீட்டுங்கள். விரல்களின் வடிவம் கலையாமல் தந்தியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்குங்கள். காற்றில் அந்த வடிவத்தோடு ஒரு கணம் நிறுத்தி, எல்லா விரல்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் இறக்குங்கள். ஒவ்வொரு விரலாகத் தேடித்தேடி இறங்கினால் மீண்டும் தூக்குங்கள். இருபது முறை செய்யுங்கள். பிறகு கையைத் தொடையில் வைத்துவிட்டு, அங்கிருந்து நேராக வந்து கார்டில் இறங்கிப் பாருங்கள். கைக்கு அந்த வடிவம் ஒரே உருவமாகப் பதிந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஒருமுறை கைபேசியால் உங்கள் இடக்கையைப் படம் எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுண்டு விரல் எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் நிற்கிறது. கார்டில் வேலை இல்லாத விரலும் தந்திக்கு அருகிலேயே காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: நகர வேண்டாத விரலைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் மிக அதிகமான நேரம் மிச்சமாகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மேட்டுப்பாளையம் வழியாக மலை ரயிலில் வந்தவர்கள், கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே ஓடும் பல்வரிசையைப் பார்த்திருப்பார்கள். அது ஒற்றை வரிசை அன்று; அருகருகே இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும்படி மாற்றி அமைத்திருக்கிறார்கள். ஒரு பல் விடும் நேரத்தில் இன்னொரு பல் பிடித்திருக்கும். 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் வந்த அந்த ரயில் இன்றும் அப்படித்தான் வழுக்காமல் ஏறுகிறது. கார்ட் மாற்றும்போதும் ஒரு விரலாவது பிடித்தபடி இருந்தால் மற்ற விரல்களுக்குத் தங்கள் இடம் தெரியும். எல்லா விரல்களும் ஒன்றாகப் பறந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இரண்டு கார்டிலும் ஒரே இடம். மோதிர விரல் மட்டும் மூன்றாவது தந்தியை விட்டு ஐந்தாவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் போகிறது. மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு மீண்டும் வைப்பவர் மூன்று மடங்கு வேலை செய்கிறார்.

டி, ஏ, ஈ ஆகிய மூன்று மேஜர்களுக்கும் மூன்றாவது தந்தியில் இருக்கும் ஆள்காட்டி விரல்தான் வழிகாட்டி. டி மேஜரில் அது இரண்டாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. ஏ மேஜரை நான்காவது தந்தியில் நடுவிரல், மூன்றாவதில் ஆள்காட்டி, இரண்டாவதில் மோதிர விரல் என்று பிடித்தால் ஆள்காட்டி விரல் அசையவே வேண்டாம். மோதிர விரல் அதே இரண்டாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து இரண்டாவதுக்குச் சறுக்குகிறது. ஈ மேஜருக்கு ஆள்காட்டி விரல் தந்தியை விடாமலேயே முதல் ஃப்ரெட்டுக்குச் சறுக்குகிறது. சறுக்கும்போது அழுத்தத்தைத் தளர்த்துங்கள். தொடுகையை மட்டும் விடாதீர்கள்.

ஜி மேஜரிலிருந்து டி மேஜருக்குப் போவது பலரையும் அழவைக்கும் மாற்றம். ஜி-யை நான்கு விரல்களால் பிடித்துப் பாருங்கள்: நடுவிரல் ஆறாவது தந்தி மூன்றாவது ஃப்ரெட், ஆள்காட்டி ஐந்தாவது தந்தி இரண்டாவது ஃப்ரெட், மோதிர விரல் இரண்டாவது தந்தி மூன்றாவது ஃப்ரெட், சுண்டு விரல் முதல் தந்தி மூன்றாவது ஃப்ரெட். டி மேஜரிலும் மோதிர விரலுக்கு அதே இரண்டாவது தந்தி, அதே மூன்றாவது ஃப்ரெட். அதை நங்கூரமாக விட்டுவிட்டு மற்றவற்றை நகர்த்தினால், ஒரு வாரத்தில் அந்த மாற்றத்தின் பயம் போய்விடும்.

இதிலிருந்து வரும் பாடம் ஒன்று உண்டு; நான் கற்கும்போது எனக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பதில் இன்றும் வருத்தம். ஒரு கார்டுக்கு ஒரே பிடிப்புத்தான் சரி என்று கிடையாது. எந்த விரல்களால் பிடிப்பது என்பதை அடுத்து வரும் கார்டே முடிவு செய்கிறது. ஈ மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது, நான்காவது தந்திகளின் இரண்டாவது ஃப்ரெட்டை ஆள்காட்டி, நடுவிரல் கொண்டு பிடித்தால், அடுத்து சி மேஜரோ ஏ மைனரோ வரும்போது நடுவிரல் நான்காவது தந்தியிலேயே இருக்கலாம். அடுத்து ஈ மேஜர் வரும் என்றால் நடுவிரலும் மோதிர விரலும் நல்லது. ஆள்காட்டி விரலை மட்டும் சேர்த்தால் போதும். பாட்டுத் தாளில் அடுத்தடுத்த இரண்டு கார்டுகளுக்கு நடுவே, எந்த விரல் தங்குகிறது என்று பென்சிலால் குறித்துவையுங்கள்.

நான்காம் படி: தங்கும் விரல் இல்லாதபோது வடிவத்தோடு நகருங்கள்

ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது எந்த விரலும் தங்காது. ஆனால் இரண்டும் ஒரே வடிவம். மூன்று விரல்களும் சேர்ந்து மெல்லிய தந்திப் பக்கமாக ஒரு தந்தி நகர்கின்றன. ஜி மேஜரை மோதிர விரல் ஆறாவதிலும், நடுவிரல் ஐந்தாவதிலும், சுண்டு விரல் முதல் தந்தியிலுமாகப் பிடித்தால், சி மேஜருக்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் அதே கோணத்தில் ஒரு தந்தி இறங்குகின்றன. ஆள்காட்டி விரல் வந்து சேர்ந்துகொள்கிறது.

எதுவும் பொருந்தாத மாற்றங்களில் விரல்கள் இறங்கும் வரிசையைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் ஆள்காட்டி விரலை முதலில் வைக்கிறார்கள். சி மேஜரில் அது மெல்லிய தந்திப் பக்கம் இருக்கிறது. நீங்கள் மேலிருந்து கீழே மீட்டும்போது வலக்கை முதலில் தொடுவது தடித்த தந்திகளை. ஆகவே சி மேஜரில் மோதிர விரலை முதலில் இறக்கப் பழகுங்கள். ஜி மேஜரில் ஆறாவது தந்தி விரலை. மற்ற விரல்கள் ஒரு நூலிழை தாமதமாக வந்தாலும் காதுக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: ஒரு நிமிடக் கணக்கு

இரண்டு கார்டுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதலில் ஐந்து முறை மிக மெதுவாக, ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்கும்படி மாற்றுங்கள். பிறகு கடிகாரத்தில் ஒரு நிமிடம் வைத்து, ஒரு கார்டுக்கு ஒரு மீட்டல் என்று மாற்றிக்கொண்டே எண்ணுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அங்கங்கே கரகரத்தால் நிறுத்த வேண்டாம். எண்ணிக்கையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

முதல் நாள் பதினைந்து வந்தாலும் கவலைப்படாதீர்கள். அறுபது வரும்போது ஒரு மாற்றம் ஒரு நொடிக்குள் முடிகிறது. நிமிடத்துக்கு 80 தாள அடி ஓடும் பாட்டில் ஓர் அடி முக்கால் நொடிதான். ஆகவே அறுபதை எட்டிய இணை அந்த வேகத்தில் வாசிக்க ஏறத்தாழத் தயார். ஒரு நாளில் மூன்று இணைகளுக்கு மேல் வேண்டாம். மூன்றில் ஒன்று உங்களுக்கு மிகவும் பிடிக்காத இணையாக இருக்கட்டும்.

தொடர்ந்து முக்கால் மணி நேரம் போராடுவதைவிட, காலை ஐந்து நிமிடம், பள்ளியோ வேலையோ முடிந்து வந்து பத்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம் என்று பிரிப்பது நல்ல பலன் தரும். இடையில் கிடைக்கும் ஓய்விலும் தூக்கத்திலும் பழகிய அசைவை மூளை உறுதிப்படுத்திக்கொள்கிறது. நேற்று இரவு வராத மாற்றம் இன்று காலையில் வந்து நிற்பது அதனால்தான்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகள் நமக்குப் புதிதல்ல. மெழுகுவத்தியைத் தேடும் முன் ஒரு நிமிடக் கணக்கை இருட்டிலேயே செய்து பாருங்கள். கண் உதவிக்கு வராதபோது விரல் தானாகத் தந்தியை அறியக் கற்றுக்கொள்கிறது.

ஆறாம் படி: வலக்கை நிற்கவே கூடாது

இதுவரை சொன்னவை எல்லாம் இடக்கைக்கு. பாட்டு நின்றுபோவதற்குக் காரணம் வலக்கை: இடக்கை சேரும்வரை அது மரியாதையாகக் காத்திருக்கிறது. இடக்கை தயாரோ இல்லையோ, வலக்கை தாளத்தோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது போய்விட்டால், பின்னால் ஓடிவர இடக்கை தானே கற்றுக்கொள்ளும்.

ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைவிட ‘த-க-தி-மி’ என்று வாயால் சொல்லச் சொல்கிறேன். நாலு அடிக்கு நாலு எழுத்து. மெட்ரோனோமை (தாள அடியைத் தட்டிக்காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். ‘த’வில் மட்டும் ஒருமுறை மீட்டுங்கள். ‘க’வில் ஒலி ஓடட்டும். ‘தி’யில் அடுத்த கார்டின் வடிவத்தை மனத்தில் பாருங்கள், எந்த விரல் தங்குகிறது, எது முதலில் இறங்குகிறது என்று. ‘மி’யில் கை நகர்கிறது. அடுத்த ‘த’ விழும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கொழுந்து பறிப்பவரின் கண் செய்வதை இங்கே ‘தி’ செய்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு நேராக ‘மி’க்குத் தாவாதீர்கள். ஆறு அடியில் ஓடும் பாட்டுகளுக்குத் ‘தகிட தகிட’ என்று சொல்லி, கடைசி ‘ட’வில் நகருங்கள்.

நான்கு சுற்று பிசகாமல் வந்தால் மெட்ரோனோமை 4 கூட்டுங்கள். இரண்டு முறை தொடர்ந்து பிசகினால் 10 குறையுங்கள். பிறகு நான்கு எழுத்திலும் மீட்டத் தொடங்குங்கள். அப்போது ‘மி’யின் பிற்பாதியில், விரல்கள் காற்றில் இருக்கும்போது, வலக்கை வெறும் தந்திகளை மேல்நோக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகட்டும். அனுபவம் உள்ளவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கேட்பவருக்கு அது தாளத்தின் ஒரு பகுதியாகவே கேட்கும். உங்களுக்கோ அரை அடி நேரம் கையில் கிடைக்கும்.

எஃப் மேஜர் வரும்போது

கிட்டாரை மூலையில் வைத்துவிட்டுப் போனவர்களில் பலர் போனது இந்த இடத்தில்தான். நேராக ஆறு தந்திகளையும் ஒரு விரலால் அழுத்தப் போகாதீர்கள். முதலில் எஃப் மேஜர் ஏழு: ஆள்காட்டி விரல் இரண்டாவது தந்தி முதல் ஃப்ரெட், நடுவிரல் மூன்றாவது தந்தி இரண்டாவது ஃப்ரெட், மோதிர விரல் நான்காவது தந்தி மூன்றாவது ஃப்ரெட், முதல் தந்தி திறந்திருக்கட்டும். நான்காவது தந்தியிலிருந்து மீட்டுங்கள். சி மேஜரிலிருந்து இதற்குப் போக, ஆள்காட்டி விரல் தங்குகிறது; மற்ற இரண்டும் ஒரு தந்தி நகர்கின்றன. மூன்றாம் படியும் நான்காம் படியும் இந்த ஒரே மாற்றத்தில் சேர்ந்து வருகின்றன. பெரும்பாலான பாட்டுகளில் முழு எஃப் இடத்தில் இது நன்றாகவே உட்காரும்.

அது கைக்கு வந்தபின் ஆள்காட்டி விரலைச் சாய்த்து முதல் இரண்டு தந்திகளையும் சேர்த்து அழுத்துங்கள். இது சிறிய எஃப்.

முழுப் பிடிப்பில் ஆள்காட்டி விரல் ஆறு தந்திகளையும் அழுத்த, மற்ற மூன்று விரல்களும் அதற்கு அடுத்து ஈ மேஜர் வடிவத்தில் இருக்கும். அதை முதல் ஃப்ரெட்டில் தொடங்க வேண்டாம். நட்டுக்கு அருகே தந்தியை அழுத்துவதுதான் மிகவும் கடினம். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள். அங்கே அது ஏ மேஜர். ஆள்காட்டி விரலின் மெத்தென்ற அடிப்பக்கத்தை விட்டு, கட்டைவிரலை நோக்கியிருக்கும் எலும்புப் பக்கம் தந்தியில் படும்படி சற்று உருட்டுங்கள். முழங்கையை உடலோடு சேர்த்து, கையின் எடையால் பின்னோக்கி இழுங்கள், கட்டைவிரலால் நசுக்காதீர்கள். தெளிவாக வந்தபின் சில நாட்களுக்கு ஒரு ஃப்ரெட் வீதம் கீழே இறங்கி வாருங்கள்.

அதுவரை பாடாமல் இருக்க வேண்டியதில்லை. சி, ஏ மைனர், எஃப், ஜி என்று எழுதியிருக்கும் பாட்டை, ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ பொருத்தி ஜி, ஈ மைனர், சி, டி என்று வாசித்தால் அதே சுருதியில் பாடலாம்.

அந்த மாணவி இப்போது அப்படித்தான் வாசிக்கிறாள். நோட்டில் ஜி–டி இணைக்கு முதல் நாள் 11 என்று எழுதியிருக்கிறாள். ஆறாவது வாரத்தில் 52. எஃப் மேஜருக்கு ஒரு புதிய பக்கம் திறந்து, மேலே தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறாள்.